இரண்டு சாந்துச் சட்டிகள்

ஒத்தப்புளிப்பட்டிக்குத் தமிழ்ச்செல்விதான் தலையாரி. அரசாங்கத் தாளில் கிராம உதவியாளர் என்று போட்டிருக்கும். ஊர் வாயில் அது என்றைக்கும் தலையாரிதான். திருவாதவூரிலிருந்து தெற்கே நாலு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். இருநூற்றுச் சொச்சம் வீடுகள்.

அவளுடைய அப்பா சோலை பார்த்த வேலை அது. பணியில் இருக்கும்போதே அவர் இறந்துபோனதால் வாரிசு வேலையாக வந்தது. தம்பி அழகுராஜாவுக்குத்தான் போகும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். தமிழ்ச்செல்வி கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் திரும்பி வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாலுகா ஆபீசில் தம்பி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் சார், எங்கிட்டுப் போனாலும் பொழச்சுக்குவேன். அக்கா வாங்கிக்கிறட்டும்." ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

தலையாரி வேலையில் பாதி, தாள் கொண்டுபோய்க் கொடுப்பது, கிராம நிர்வாக அலுவலருக்கு வயல் காட்டுவது, வரி கட்டாதவர் வீட்டில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பது. இன்னொரு பாதியை யாரும் பேசுவதில்லை. ஊர் எல்லைக்குள் யாராவது இயற்கையாக இல்லாமல் செத்துக் கிடந்தால், போலீஸ் வரும்வரை பிணத்துக்குக் காவல் இருக்க வேண்டும். கிணற்றில் விழுந்தவர், தூக்கில் தொங்கியவர், மின்னல் அடித்தவர் என்று பன்னிரண்டு வருஷத்தில் ஒன்பது பேருக்கு அவள் காவல் இருந்திருக்கிறாள். நாயையும் காக்கையையும் விரட்ட ஒரு குச்சி, மூக்கை மூட முந்தானை, உட்கார ஒரு கல். "பொம்பளையப் போயி பொணத்துக்குக் காவல் போடுறாங்களே" என்று முதலில் சொன்ன ஊர் பிறகு பழகிக்கொண்டது. ஆனாலும் நல்ல காரியத்துக்கு வெற்றிலை மாற்றும்போது அவள் கைக்குத் தட்டு வராது. பிணக் காவல் முடிந்து வீட்டுக்கு வந்தால், தம்பி மனைவி ரோகிணி வெளிக் குழாயடியில் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். அதில் தப்பொன்றும் இருப்பதாகத் தமிழ்ச்செல்விக்கும் தோன்றியதில்லை. ஒரே காம்பவுண்டுக்குள் முன்னால் தம்பி வீடு, பின்னால் ஓடு போட்ட அவளுடைய ஒற்றை அறை. அழகுராஜாவின் மகள் பிருந்தா பாதி நாள் அத்தையிடம்தான் சாப்பிடுவாள், அத்தை பாயில்தான் தூங்குவாள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாசத்தில் ஒரு காலை. மணி ஆறு இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஜெயந்த் போன் செய்தார். மதுரை தல்லாகுளத்தில் குடியிருந்துகொண்டு தினமும் பைக்கில் வந்து போகிற இளம் பிள்ளை.

"அக்கா, வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒருத்தர் இறந்து கிடக்காராம். பால்காரர் சொன்னாரு. போலீசுக்குச் சொல்லிட்டேன். நான் வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் யாரையும் கிட்ட விட்றாதீங்க."

தமிழ்ச்செல்வி போனபோது பால்காரர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். "பாலு திரிஞ்சுபோகும் தாயி, நான் வாரேன்" என்று அவரும் கிளம்பிவிட்டார். சாலையில் வேறு யாரும் இல்லை. வானம் மூடிக் கிடந்தது.

கிடந்தவர் வீரணன். கிழக்குத் தெருக்காரர், அறுபதைத் தாண்டியவர். செங்கல் சூளையில் காவல் பார்த்துவிட்டு விடியும் முன் சைக்கிளில் வீடு திரும்புவார். தார்ச் சாலையின் ஓரத்தில் குப்புறக் கிடந்தார். வலது கை மட்டும் தாரின் மேல் நீண்டிருந்தது. சைக்கிள் கீழே, வாய்க்கால் சரிவில், பின்சக்கரம் மடங்கிக் கிடந்தது.

கிட்டே போகாமல் சுற்றி நின்றே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் கால் வைக்கும் முன் கண் வைக்கப் பழகியிருந்தாள். சாலையோர ஈர மண்ணில் ஒரு டயர் தடம் அழுத்தமாகப் பதிந்து, பாதியில் தாருக்கு ஏறியிருந்தது. அதைச் சுற்றிக் கண்ணாடித் துண்டுகள். சரிவில் கோரைப்புல் நசுங்கி ரத்தம் உறைந்திருந்த இடத்திலிருந்து மேலே சாலை வரைக்கும், மண்ணை இழுத்துக்கொண்டு வந்த மாதிரி ஒரு கோடு. பத்தடி இருக்கும். கோட்டின் இரு பக்கமும் கை ஊன்றிய பள்ளங்கள். ஒன்றில் ஐந்து விரலும் தெளிவாக இருந்தது.

வண்டி மோதித் தூக்கி எறிந்திருக்கிறது. கீழே விழுந்தவர், யாராவது பார்ப்பார்கள் என்று சாலைக்கு ஊர்ந்து வந்திருக்கிறார். யாரும் சொல்லாமலே அவளுக்கு அது புரிந்தது.

சைக்கிளைக் குனிந்து பார்த்தபோதுதான் பின் மட்கார்டில் ஒட்டியிருந்ததைக் கண்டாள். சுண்டு விரல் நகம் அளவுக்குப் பெயிண்ட் செதில். கிளிப்பச்சை.

நாலு மாசத்துக்கு முன்னால் அழகுராஜா தன்னுடைய வெள்ளைக் குட்டியானை லோடு வண்டிக்குப் பெயிண்ட் அடித்தான். கடையில் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு அவன் நீலம் என்றான், ரோகிணி மஞ்சள் என்றாள். "கிளிப்பச்சை அடிடா, தூரத்துல வாரப்பவே நீதான்னு தெரியும்" என்று சொன்னது தமிழ்ச்செல்வி. அன்றைக்கு அவளும் ஒரு பிரஷ் பிடித்தாள்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, எங்கிட்டு இருக்க?"

"வாய்க்கா ரோட்டுல. வீரணன் செத்துக் கெடக்காரு."



"வேற யாரும் வந்துட்டாங்களா?"

"இல்ல. நான் மட்டுந்தான். நீ எங்கடா இருக்க?"

"காய் இறக்கிட்டு மதுரையில நிக்கிறேன். அக்கா... குறுக்க வந்துட்டாருக்கா. லைட்டும் இல்ல ஒன்னும் இல்ல. நான் என்ன செய்ய?"

"நிப்பாட்டிப் பாத்தியா?"

"பாத்தேன். அப்பவே உசுரு போயிருச்சு. சத்தியமாக்கா, அப்பவே போயிருச்சு."

தமிழ்ச்செல்வி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, மழ வரப்போகுதுல்ல? நீ எதையும் எடுக்க வேணாம், அழிக்க வேணாம். பாவம் எதுவும் உன் கையில ஒட்ட வேணாம். சும்மா நில்லு, போதும். மழையே பாத்துக்கும்."

கேட்கிறாயா, கேட்கிறாயா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அவனே வைத்துவிட்டான்.

முதல் தூறல் விழுந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ரூம் பாதி கட்டி நின்றது. கொத்தனார்கள் விட்டுப்போன சாந்துச் சட்டிகள் இரண்டு அங்கே கவிழ்ந்து கிடந்தன; பக்கத்தில் சிமெண்ட் சாக்கு. தமிழ்ச்செல்வி சிறிது நேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிற்பாடு வக்கீல் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. செத்தவர் முகம் தெரியவில்லை, பின்தலைதான் தெரிந்தது. நரைத்த தலையில் மண் ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் ஊன்றிப் பத்தடி வந்திருக்கிறார். சத்தியமாகப் போயிருச்சு என்கிறான் தம்பி.

ஓடிப்போய்ச் சட்டிகளைத் தூக்கி வந்தாள். ஒன்றை டயர் தடத்தின் மேல், கண்ணாடித் துண்டுகளும் சேர்ந்து அடங்கும்படி கவிழ்த்தாள். இன்னொன்றை அந்த ஐந்து விரல் பதிந்த இடத்தின் மேல் கவிழ்த்தாள். சாக்கைக் கிழித்து மட்கார்டில் சுற்றிக் கட்டினாள். பிறகு வேலிக்கருவை முள்ளை ஒடித்து வந்து சுற்றிலும் போட்டாள். கையெல்லாம் கீறல். ஊர்ச் சனம் வந்து சேர்ந்தபோது முள்ளுக்கு இந்தப் பக்கம் குச்சியோடு நனைந்துகொண்டு நின்றாள். கிட்ட வந்த ஆட்களை, "அங்கிட்டே நில்லுங்கண்ணே, சொன்னாக் கேளுங்க" என்று தடுத்துக்கொண்டே இருந்தாள். வீரணன் மனைவி அழகம்மாள் வந்து மாரில் அடித்துக்கொண்டு முள்ளைத் தாண்டப் பார்த்தபோது மட்டும் குச்சியைக் கீழே போட்டாள். கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மழை இருபது நிமிஷம் ஊற்றித் தள்ளியது. ரத்தம், கோடு, மற்ற எல்லாம் வாய்க்காலுக்குள் போயின.

முதலில் இது அடிதடிக் கொலையோ என்று சந்தேகம் இருந்ததால் மதுரையிலிருந்து தடயவியல் அதிகாரியை வரவழைத்திருந்தார்கள். ஸ்யாமளா என்று பெயர். ஐம்பது வயது, கண்ணாடி, கையில் பெரிய பெட்டி. பத்து மணிக்கு வந்து இறங்கியவர் கரைந்துபோன மண்ணைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். பிறகு முதல் சட்டியை ஓரமாகத் தூக்கிப் பார்த்தார். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"யாரு மூடுனது?"

"நான்தான் மேடம்."

"உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. மழ வந்துச்சு."

ஸ்யாமளா வேலை செய்வதைத் தமிழ்ச்செல்வி பக்கத்தில் இருந்து பார்த்தாள். தடத்தின் அருகில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். பிளாஸ்டர் மாவைக் கரைத்துத் தடத்துக்குள் மெதுவாக ஊற்றினார்; அது இறுகியதும் டயரின் அச்சு எழும்பி வந்தது. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக இடுக்கியில் எடுத்தார். கூடவே பேசினார். இவளிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நேர்ல பார்த்தவங்க யாரும் இல்லைம்மா இந்தக் கேசுல. அப்படி ஒருத்தர் இருந்தாலும் நாளைக்குக் கோர்ட்ல மாத்திச் சொல்லலாம், மறந்தும் போகலாம். அதனாலதான் இதுக எல்லாம். எந்த வண்டி லைட்டு உடைஞ்சிருக்கோ அதுல மிச்சம் இருக்குற கண்ணாடியோட இந்தத் துண்டைச் சேர்த்து வச்சா, விளிம்பு விளிம்போட பொருந்தும். அந்த மாதிரி இன்னொரு லைட்டோட பொருந்தவே பொருந்தாது."

சாக்கை அவிழ்த்து, பெயிண்ட் செதிலை லென்சில் பார்த்தார். "மேல பச்சை, அடியில வெள்ளை. கம்பெனி அடிச்சது இல்ல. கையில அடிச்சிருக்காங்க, பிரஷ் மயிர் ஒண்ணு ஒட்டியிருக்கு பாருங்க."

தமிழ்ச்செல்வி பார்க்கவில்லை.

இரண்டாவது சட்டியைத் தூக்கிய ஸ்யாமளா கொஞ்சம் யோசித்தார். "இதை எதுக்கு மூடுனீங்க? இது வண்டியோடது இல்லையே."

"அது அவரு கை."

அந்த அம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கைத்தடத்துக்கும் மாவு ஊற்றினார்.

ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எண் போட்டு, அரக்கு வைத்தார்கள். என்னென்ன எங்கெங்கே கிடந்தது என்று மகஜர் எழுதினார்கள். முதல் சாட்சியாக ஜெயந்த் கையெழுத்துப் போட்டார். இரண்டாவதாக சோ. தமிழ்ச்செல்வி என்று அவள் போட்டாள். பேனா ஒழுங்காகத்தான் எழுதியது.

மூன்றாம் நாள் மதுரை காளவாசலில் ஒரு பட்டறைக்குப் பின்னால் தார்ப்பாய் மூடி நின்றிருந்த குட்டியானையைப் போலீஸ் கண்டுபிடித்தது. முன் விளக்கு உடைந்திருந்தது. அன்று மாலை இன்ஸ்பெக்டர் போன் பட்டியலை அவள் முன்னால் வைத்தார். வீரணன் செத்த அன்று காலை ஆறு இருபத்தைந்துக்கு அழகுராஜா போனிலிருந்து அவளுடைய போனுக்கு ஒரு அழைப்பு.

இந்த மூன்று நாளும் அவளாகப் போய் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், கேட்டால் மறைக்கவும் மாட்டேன் என்று மனசுக்குள் ஒரு வரப்பு போட்டிருந்தாள். இப்போது கேட்டுவிட்டார்கள். சொன்னாள்.

அழகுராஜாவை ஜீப்பில் ஏற்றிப் போன பிறகு ரோகிணி பின் அறை வாசலுக்கு வந்தாள். திட்டவில்லை. குரல்கூட உயரவில்லை.

"நீ பொய் சொல்லணும்னு நான் சொல்லல அண்ணி. எதையும் எடுத்து எறியணும்னும் சொல்லல. கையக் கட்டிக்கிட்டு ஒரு பத்து நிமிசம் சும்மா நின்னுருக்கலாம்ல? நின்னுருந்தா எம் புருசன் வீட்டுல இருப்பாரு. சும்மா நிக்கக்கூட முடியலையா உன்னால?"

தமிழ்ச்செல்விக்கு அந்தப் பத்தடியைச் சொல்லத் தோன்றியது. அதை ரோகிணியிடம் எப்படிச் சொல்வது?

அந்த மாசமே காம்பவுண்டுக்குள் குறுக்கே சுவர் எழும்பியது. பூசாத செங்கல் சுவர், ஆள் உயரம். குழாய் அந்தப் பக்கம் போய்விட்டது. பிருந்தா முதல் சில நாள் சுவர் ஓரம் வந்து, "அத்த, சாப்ட்டியா?" என்று கேட்டாள். பிறகு அந்தக் குரலும் நின்றது. பள்ளிக்கூடம் போகும் வழியில் எதிரே வந்தால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். குனியச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அது குனிகிற விதத்திலேயே தெரியும்.

ஊர் அவளை ஒதுக்கி வைத்தது என்று சொல்ல முடியாது. யாரும் கூட்டம் போடவில்லை, தீர்ப்புச் சொல்லவில்லை. டீக்கடைக்கு அவள் வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். நோட்டீஸ் கொண்டுபோனால் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். "கூடப் பொறந்தவனுக்கே சட்டியக் கவுத்தி வச்ச ஆளு" என்று ஒருநாள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். யார் சொன்னது என்று தெரியவில்லை, எல்லாரும் வேறெங்கோ பார்த்தார்கள். மூன்று மாசம் கழித்து அழகுராஜா ஜாமீனில் வந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்கும், பல் துலக்குவது கேட்கும், மகளைக் கொஞ்சுவது கேட்கும். சாயங்காலம் ஆனதும் இவள் ரேடியோவை வைத்துக்கொள்வாள், கேட்காமல் இருக்க.

வழக்கு மதுரை நீதிமன்றத்தில் நாலு வருஷம் நடந்தது. வாய்தா வாய்தாவாக அவள் பஸ் ஏறிப் போனாள். அதே பஸ்ஸில் தம்பியும் வருவான். அவன் முன்வாசல் வழி இறங்குவான், இவள் பின்வாசல் வழி.

பால்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, தான் எதையும் பார்க்கவில்லை, யாருக்கும் போன் செய்யவில்லை என்றார். சூளைக்காரர்களும் அப்படியே. தமிழ்ச்செல்வி இரண்டு நாள் நின்றாள். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்களுக்கு இந்த அரசு வேலை எப்படிக் கிடைச்சது?"

"வாரிசு வேலைங்கய்யா."

"எதிரி, அதாவது உங்க தம்பி, ஆட்சேபனை இல்லைன்னு கையெழுத்துப் போட்டதாலதானே கிடைச்சது?"

"ஆமாங்கய்யா."

"அப்படிப்பட்ட தம்பி, பூர்வீக வீட்டுல உங்களுக்குப் பாதி தர மறுத்ததால இந்தப் போன் கதையைக் கட்டிச் சொல்றீங்க."

"வீட்டப் பத்தி நாங்க பேசிக்கிட்டதே இல்லங்கய்யா."

"ஒரே காம்பவுண்டுல சுவர் எதுக்கு இருக்கு?"

சுவர் இருப்பது உண்மை. "அது அப்பறம் கட்டுனது" என்றாள். அவள் குரல் தாழ்ந்துவிட்டதால் நீதிபதி மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னாள். அழகுராஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்யாமளா வந்து டயர் அச்சையும் கண்ணாடியையும் பெயிண்டையும் விளக்கிச் சொன்னார். எல்லாம் பொருந்தியது. பொருந்தாமல் போனது பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த எண். மகஜரில் பெயிண்ட் மூன்றாம் பொட்டலம், கண்ணாடி நாலாம் பொட்டலம். ஆய்வகத்துக்கு அனுப்பிய கடிதத்தில் அது தலைகீழாக இருந்தது. அதற்கு மேல், பொட்டலங்கள் ஸ்டேஷனில் பத்தொன்பது நாள் யார் பொறுப்பில் இருந்தன என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. அதற்குள் வண்டியும் அதே ஸ்டேஷன் வாசலில்தான் நின்றது. அந்த வண்டியிலிருந்தே பெயிண்டைச் சுரண்டி, கண்ணாடியையும் உடைத்தெடுத்துப் பொட்டலத்தில் வைத்திருக்கலாமே என்று வக்கீல் கேட்டார். இல்லை என்று சொல்ல அரசுத் தரப்பில் தாள் இல்லை. டயர் அச்சை வைத்து அந்த ரக டயர் என்று சொல்லலாம். அந்த வண்டிதான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு அதில் தேய்மானமோ வெட்டோ இல்லை. மிச்சம் இருந்தது அக்காவின் வாய்ச்சொல். குடும்பத் தகராறு இருப்பதாகத் தெரிகிற நிலையில் அதை மட்டும் நம்பித் தண்டிக்க முடியாது என்று சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலை செய்தார்கள்.

தீர்ப்பு அன்று தமிழ்ச்செல்வி வராந்தாவில் நின்றிருந்தாள். அழகுராஜா வெளியே வந்தான். நேராக அவளை நோக்கித்தான் வந்தான். இரண்டடி தள்ளி நின்றான். நாலு வருஷத்தில் மீசை நரைத்திருந்தது. அவன் உதடு அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் படிக்கட்டில் இருந்து ரோகிணி, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். போய்விட்டான்.

வேறொரு வழக்குக்காக அன்று வந்திருந்த ஸ்யாமளா அவளைப் பார்த்து நின்றார். "நீங்க செஞ்சதுல குறையே இல்லைம்மா. எடுத்ததுலயும் குறை இல்ல. நடுவுல கை மாறுனதுலதான் போச்சு" என்றார். டீ குடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் மேடம் என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனாள். பஸ்ஸில் தம்பியும் இருப்பான் என்பதால் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தம்பி வீட்டில் கிடா வெட்டினார்கள். சுவரைத் தாண்டி மசாலா வாசனை வந்தது, சிரிப்புச் சத்தம் வந்தது. இவள் ரசம் வைத்துச் சாப்பிட்டாள்.

ஒரு வாரம் கழித்து நடுப்பகலில் அழகம்மாள் வந்தாள். வீரணன் செத்த பிறகு இவள் வீட்டுப் பக்கம் அவள் வந்ததே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வாங்கக்கா" என்றாள் தமிழ்ச்செல்வி. யாரையாவது உள்ளே வா என்று கூப்பிட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பாயை எடுத்து விரித்தாள். அழகம்மாள் பாயில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"கேசு போச்சுன்னாங்க."

"ஆமா."

"எனக்கு அதுல ஒன்னும் புரியல. பொட்டலங்கிறாங்க, நம்பருங்கிறாங்க. உன்னைய ஒன்னு கேக்கணும். கேட்டுட்டுப் போறேன்."

"கேளுங்க."

"அன்னைக்கு மொதல்ல பாத்தவ நீதான். வண்டி இடிச்சதும் அவருக்கு உசுரு போயிருச்சா? இல்ல, கெடந்தாரா?"

கோர்ட்டில் இதைப் பற்றிப் பேசிய அன்று அழகம்மாள் வந்திருக்கவில்லை. தமிழ்ச்செல்வி அவள் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் நடந்து வந்த முகம், வேர்வை வழிந்தது. அப்பவே போயிருச்சுக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷி எழுந்து போய் நிம்மதியாகத் தூங்குவாள். தம்பி சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்ல வாயெடுத்தும் வரவில்லை.

"இல்லக்கா. கொஞ்ச நேரம் இருந்திருக்காரு. கீழ இருந்து ரோட்டுக்கு ஊந்து வந்திருக்காரு."

"எம்புட்டு தூரம்?"

"பத்தடி இருக்கும்."

அழகம்மாள் தலையை ஆட்டினாள். அழவில்லை.

"தெரியும். குளிப்பாட்டையில பாத்தேன். ரெண்டு முழங்கையும் தோலு உரிஞ்சு சதை தெரிஞ்சுச்சு. நகத்துக்குள்ள பூராம் களிமண்ணு. ஈர்க்குச்சிய வச்சு நான்தான் எடுத்துவிட்டேன். எம் மகன்கிட்டக்கூடச் சொல்லல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கேட்டவுக அத்தனை பேரும் அப்பவே போயிருச்சு, கஷ்டப்படலன்னு சொன்னாக. நீ என்ன சொல்றன்னு பாக்கணும்னு இருந்துச்சு. அதான் வந்தேன்."

தமிழ்ச்செல்விக்குத்தான் கண் கலங்கியது. தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். அழகம்மாள் முழுச் செம்பையும் குடித்தாள்.

"நீ செஞ்சது எனக்கு ஒன்னுக்கும் ஆகல" என்றாள் எழுந்துகொண்டே. அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "உனக்கும் ஆகல. பாவம் நீயும்." வெயிலில் இறங்கிக் கிழக்குத் தெருப் பக்கம் நடந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை. வழியில் பார்த்தால் நின்று, "எங்கிட்டுப் போற?" என்று கேட்பாள். அந்த ஊரில் தமிழ்ச்செல்வியை அப்படிக் கேட்பது அவள் ஒருத்திதான்.

இந்தத் தை மாசம் பிருந்தாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தெருவெல்லாம் பந்தல், ஒலிபெருக்கி. முறைப்படி அத்தைதான் முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரோகிணியின் அண்ணன் மனைவியை வைத்துச் செய்துகொள்ளப் போவதாகக் காதில் விழுந்தது. பத்திரிகை வரவில்லை. அன்று காலை ஏழு மணிக்கே தமிழ்ச்செல்வி கதவைப் பூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு படிவத்தைக் கொடுக்க வேண்டிய வேலை. அது பதினொரு மணிக்கே முடிந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி அதே பெஞ்சுக்கு வந்தாள். கைக்கு அடக்கமான வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி பைக்குள் இருந்தது. யாரிடம் கொடுத்து அனுப்புவது என்று காலையிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டாள், ஆள் அகப்படவில்லை.

நாலரை மணிக்கு ஜன்னல்களைச் சாத்த வந்த பியூன் அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, காலையில இருந்து உக்காந்திருக்கீங்க. வேலை முடிஞ்சிருச்சுல்ல? வீட்டுக்குப் போகலையா?"

"போறேன்ண்ணே" என்றாள். "ஆறு மணி பஸ்ஸுக்குப் போறேன்."